உயிரோடு இருந்தவர் படத்துக்கு மாலை

வேலைக்காரர்களின் கேட் பாஸுக்குப் போட்டோ எடுக்கிற அறையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. நெய்வேலிச் சுரங்கத்து மெயின் கேட்டுக்கு இடது பக்கம், தகரக் கூரை போட்ட நீள அறை. உங்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் அந்த அறைக்குள் போய், மார்புக்கு நேரே ஒரு சிலேட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றுவிட்டு வந்தவர்கள்தான். சிலேட்டில் சாக்பீஸால் அவரவர் நம்பர் எழுதியிருக்கும். அந்தப் போட்டோவில் யாரும் சிரித்ததில்லை. சீட்டாட்டத்தில் பிளாக்கையே சிரிக்க வைக்கிறவர்கூட பாஸில் பார்த்தால் திருட்டுக் கேஸில் பிடிபட்டவர் மாதிரிதான் இருப்பார். அப்படி எல்லோரையும் முறைக்க வைத்த மனிதர் என் அப்பா.

போன மாதம் நம் வாட்ஸப் குழுவில் ஒருவர் தன் அப்பாவின் பழைய பாஸ் போட்டோவைப் போட்டு, எங்கப்பா இவ்வளவு கோபக்காரரா, எனக்கு ஞாபகமே இல்லையே என்று கேட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பதில் எழுதினீர்கள். நான் எழுதவில்லை. அந்தக் கோபம் அவர் அப்பாவுடையது இல்லை, கேமராவுக்குப் பின்னால் நின்ற என் அப்பாவுடையது. அதைப் போனில் கட்டைவிரலால் தட்டிச் சொல்ல முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டி வலிக்கு இதுவும் ஒரு மருந்துதான்.

அப்பா கும்பகோணம் பக்கத்துக்காரர். அங்கே அவர் போட்டோக்காரர் இல்லை, ஓவியர். ஆளை எதிரே உட்கார வைத்து எண்ணெய் வண்ணத்தில் படம் எழுதுவார். அந்த ஊர் ரைஸ்மில் முதலாளி ஒருவர் தன் அறுபதாம் கல்யாணத்துக்காகத் தன்னை எழுதச் சொன்னார். அப்பா இரண்டு மாதம் மில்லே கதி என்று கிடந்து எழுதினார். விருந்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்கள். முதலாளி பார்த்துவிட்டு, "இது நானில்லையே, யாரோ கிழவன்" என்றாராம். கூட்டம் சிரித்தது. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். அப்பா சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து, தூரிகை, வண்ண ட்யூப் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

அதற்கப்புறம்தான் கேமரா. கேமரா எடுத்ததைப் பார்த்து எவனும் இது நானில்லை என்று சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. நெய்வேலியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார். அப்போது எனக்கு மூன்று வயது. தகரப் பெட்டியும் கூடவே வந்து குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. அதைத் தொட்டால் முதுகில் விழும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

அம்மாவுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. ஓவியருக்குக் கழுத்தை நீட்டினாள், பெர்மனென்ட் வேலைக்காரரோடு குடித்தனம் நடத்தினாள். இரண்டாவதுதான் தேவலை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அப்பா தன் அறையில் யார் பெயரையும் கேட்க மாட்டார். நம்பர் என்ன என்றுதான் கேட்பார். நெகடிவ்களை நம்பர் வரிசையில் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார். சந்தையில் யாராவது நின்று வணக்கம் வைத்தால் இவரும் வைப்பார். யாருப்பா அவங்க என்று நான் கேட்டால், "தெரியலை, எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்குவார். அது எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த, யாரையும் தெரியாத அப்பா.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில், சுரங்கத்து மேஸ்திரி ஒருவர் குடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கேங்கில் வேலை பார்த்த பக்கத்துக் கிராமமான வடக்குத்து ஆள் ஒருவர் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். சின்ன வயது, இரண்டு குழந்தைகள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க அந்த வீட்டில் ஒரு படம்கூட இல்லை. பாஸ் போட்டோவையாவது பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். நம்பரைச் சொன்னார்.

அப்பா மறுநாள் நெகடிவைத் தேடி எடுத்தார். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுத்தான் பெரிதாக்கினார். ஆனால் பெரிதாக்கிய காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பார்த்தபோது அவருக்கே பிடிக்கவில்லை. செத்தவரை இப்படி முறைத்த முகத்தோடு எப்படி அந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அம்மாவிடம் சொன்னார். சிலேட்டு தெரியாதபடி கீழ்ப்பகுதியை வெட்டினார். போட்டோவுக்குப் பூசும் கலர் அப்போது கடலூரில் கிடைக்கும், சின்னச் சின்ன ட்யூப். பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் போட்டோவுக்கு நிறம் வரும். மூன்று நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அதிலேயே உட்கார்ந்தார். சட்டைக்கு நீலம், பின்னால் இளம்பச்சை, உதட்டோரத்தில் என்னவோ செய்து முறைப்பைக் கொஞ்சம் குறைத்தார். அந்த மூன்று நாளும் அவர் என்னை ஒரு தடவைகூட அதட்டவில்லை. வாய்க்குள் பாட்டுகூடப் பாடினார். அம்மா சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

கலர் இன்னும் முழுசாகக் காயவில்லை, வழியில் பிரித்தால் தூசு ஒட்டும் என்று சொல்லி, பேப்பரில் சுற்றி மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினார். அவரும் சொன்ன சொல் தவறாமல், பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் ஓடியது. மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் கோலத்துக்கு நான் கலர் பொடி தூவிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் விடுவிடுவென்று வந்து கோலத்தை மிதித்துக்கொண்டு நின்றார். பவர் ஹவுஸில் வேலை பார்ப்பவரின் மனைவி என்று பிறகு தெரிந்தது. அவர் தம்பி வடக்குத்தில் வைக்கோல் வாங்கப் போயிருக்கிறான். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தவன், சொம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். சுவரில் அவன் அக்காள் புருஷனுக்கு மாலை போட்டிருந்தது. நம் ஊரில் போட்டோ என்றால் அப்பாதானே, நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், எங்கூட்டுக்காரரு குந்திக்கினு சோறு துன்னுக்கினு இருக்காரு. அங்க அவுரு படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வச்சி, வெளக்கு ஏத்தி வச்சிருக்காங்க. இன்னா சார் இது?" என்றார் அந்த அம்மாள். குரல் பெரிதாக இல்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பயம்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போட்டோ அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. நடந்தது இதுதான். பவர் ஹவுஸ்காரர் முதலில் சுரங்கத்தில் இருந்தவர். அவர் பவர் ஹவுஸுக்கு மாறியதும் அவருடைய பழைய நம்பர் சும்மா கிடந்தது. அதைப் புதிதாகச் சேர்ந்த வடக்குத்து ஆளுக்குக் கொடுத்தார்கள். புதியவரைப் போட்டோ எடுத்ததும் பழைய நெகடிவை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும். அப்பா புதியவரை எடுக்கவே இல்லை. எப்படி விட்டுப்போனது என்று அவருக்கே தெரியவில்லை. பெட்டியில் இருந்தது பழையவர் முகம். அதைத்தான் மூன்று நாள் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, அழகாக்கி, செத்தவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

இது நானில்லை என்று யாரும் சொல்ல முடியாத வேலை என்று நம்பி வந்தவர் அவர். அன்று சாப்பிடவில்லை. எனக்குத் தெரிந்து அவர் சாப்பிடாமல் இருந்த முதல் நாள் அது.

சாயங்காலமே வடக்குத்துக்குப் புறப்பட்டார். அம்மா என்னை இழுத்து வந்து சைக்கிள் பக்கத்தில் நிறுத்தி, "பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். எனக்கு ஏக சந்தோஷம். ரோட்டோர வாய்க்காலில் சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் ஓடும், குளிர் நாளில் அது வெதுவெதுப்பாக ஆவி விடும். அதைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனேன். அம்மா ஏன் என்னை அனுப்பினாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த வீட்டில் இறந்தவரின் மனைவி எங்களுக்குப் பாய் போட்டார். அம்மாவைவிடச் சின்னவர், எனக்கு அக்கா மாதிரி. தலையில் முக்காடு, பேச்சில் மட்டும் தயக்கம் கிடையாது. சுவரில் பவர் ஹவுஸ்காரர் செவ்வந்தி மாலையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே, கண் இரண்டிலும் பூ விழுந்த ஒரு முதிய அம்மாள் உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் தாயார். அந்த அக்காவே எங்களை வெளியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"பிரிச்சதுமே தெரிஞ்சிபோச்சிங்கண்ணே, இது அவுரு இல்லன்னு. வாயத் தொறக்கறதுக்குள்ள எங்க மாமியா வாங்கி மடியில வச்சிக்கினு தடவிக்கினு அழுவுறாங்க. சாவன்னிக்குக்கூட அழுவாதவங்க. அத்தப் புடுங்கி, இது வேற ஆளுன்னு எப்படிங்க சொல்றது?"

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அக்கா கையைக் காட்டிச் சைகை செய்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மேஸ்திரி உட்பட. ஒரு மாதமாக அந்த வீடே ஒரு அந்நியருக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. தாயார் காலையில் எழுந்தால் அந்தப் படத்தின் கீழே போய் உட்காருவார், மகனோடு பேசுவார், அப்புறம்தான் கஞ்சி குடிப்பார்.

"இத்த எடுத்துக்கினு போங்க, வேணாங்கல. ஆனா வேற படம் குடுத்துட்டு எடுங்க. வெறுஞ்சொவத்த மட்டும் வுட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார். தை அமாவாசைக்கு இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். அதற்குள் சரியான படம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பவர் ஹவுஸ்காரரின் மனைவியும் அதே அமாவாசை வரைக்கும்தான் பொறுப்பேன் என்றார். அதற்கப்புறம் தானே போய்ப் படத்தை உடைத்துவிட்டு, அப்பாவின் மேலதிகாரியிடமும் எழுதிக் கொடுப்பேன் என்றார். அதுவரைக்கும் மாலையும் பொட்டும் கூடாது என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் புருஷனை வாசலில் நிறுத்தி மிளகாய் சுற்றிப் போட்டதாகக் கேள்வி.

வேறு படம் எங்கிருந்து வரும்? கேமராவுக்கு எதிரே நிற்க ஆள் இல்லை. அப்பா ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். வேலையில் கூட இருந்தவர்களைக் கேட்டார், கல்யாணப் போட்டோ உண்டா என்று விசாரித்தார். எதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை கட்டிலுக்கு அடியில் குனிந்து தகரப் பெட்டியை இழுத்தார். துருப்பிடித்த பூட்டைச் சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். ட்யூப்கள் எல்லாம் உள்ளேயே கல்லாகியிருந்தன. ஒன்றைக் கீறிப் பிளந்து முகர்ந்து பார்த்தார் அப்பா. பிறகு ட்யூப்களை ஒதுக்கிவிட்டு, தூரிகைகளை மட்டும் எடுத்து வைத்தார்.

பலகைக்குக் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டிகளின் பலகையில்தானே அன்றைக்கு நம் வீட்டு ஸ்டூல், அலமாரி, கோழிக்கூண்டு எல்லாம். ஒன்றை இழைத்து எடுத்துக்கொண்டார். நிறத்துக்குச் சுரங்கத்து மண்ணையே நம்பினார். மேலே கிடைக்கும் செம்மண், அதற்குக் கீழே மஞ்சள் மண், வெள்ளைக் களிமண், எல்லாம் ஒவ்வொரு பொட்டலம் வந்தது. கொல்லையில் அம்மியில் அரைத்துத் துணியில் சலித்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தார். அம்மா அந்த அம்மியை அப்புறம் ஒரு மாதம் தொடவில்லை. பழுப்பு நிலக்கரியையும் அரைத்தார். கறுப்பாக வரும் என்று நான் காத்திருந்தேன். எண்ணெயில் மெல்லிசாக இழுத்தபோது அது ஆழமான தவிட்டு நிறமாக விரிந்தது. கடையில் வாங்கும் தோல் கலர் நம் ஊரில் ஒருத்தருக்கும் பொருந்தாது, இதைப் பார் என்று என் முழங்கைமேல் ஒரு சொட்டு வைத்தார். வைத்த இடம் தெரியவில்லை.

அப்புறம் நான்கு ஞாயிற்றுக்கிழமை, வடக்குத்து. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் பலகையைச் சாய்த்து வைத்து எழுதுவார். அந்த அக்கா எதிரே உட்கார்ந்து சொல்வார். இறந்தவரின் தம்பி வந்து சொல்வார். மேஸ்திரி வந்து சொல்வார். மூக்கு நீளம் என்பார் ஒருவர், சப்பை என்பார் இன்னொருவர். காது எப்படி என்று அப்பா கேட்டதற்கு மூன்று பேரும் விழித்தார்கள். கூடவே வாழ்ந்தவர்களுக்குக் காது ஞாபகமில்லை. அப்பா எழுதுவார், அந்த அக்கா பார்த்துவிட்டு, "இல்லீங்கண்ணே" என்பார். சத்தமில்லாமல், வருத்தத்தோடு. அப்பா துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அவர் காது மடல் சிவக்கும். பாதியில் எழுந்துவிடுவார் என்றே நினைப்பேன். எழவில்லை.

மூன்றாம் ஞாயிறு பவர் ஹவுஸ்காரரே வந்துவிட்டார். மனைவிக்குத் தெரியாமல். இறந்தவருக்கும் அவருக்கும் உடல்வாகு ஒன்று என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டு, தோளுக்கும் கழுத்துக்கும் மாதிரியாக ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். போகும்போது உள்ளே எட்டி, சுவரிலிருந்த தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்பாவிடம் வந்து, என்னை இவ்வளவு லட்சணமா யாருமே எடுத்ததில்லை சார், கழட்டினதும் கிழிச்சிடாதீங்க என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் நம் பிளாக்கில் பேச்சு கிளம்பிவிட்டது. போட்டோக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வடக்குத்தில் ஒரு சின்ன வயசுப் பெண் வீட்டுக்குப் போகிறார், புருஷன் போய் மூன்று மாதம் ஆகவில்லை, என்று. யார் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், விடுவோம். அம்மா அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் வீடு திரும்பியதும் தலை பின்னுகிற சாக்கில் என்னைக் கால்களுக்கு நடுவே உட்கார வைத்து, என்ன பேசினாங்க, யாரெல்லாம் இருந்தாங்க என்று கேட்பாள். மூக்கைப் பத்திப் பேசினாங்க என்பேன். மறு வாரம், தாடையைப் பத்தி. அம்மாவின் விரல்கள் என் தலையில் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மறுபடி பின்னும். நான் உல்லாசமாகச் சைக்கிள் சவாரி போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் காவலுக்கு அனுப்பியிருந்தாள் என்று புரிய எனக்கே கல்யாணமாகிப் பல வருஷம் ஆனது. அவள் எங்கள் இருவரையும் வாசலில் நின்று அனுப்பிவிட்டு அந்தச் சாயங்காலங்களை எப்படிக் கழித்தாளோ.

நான்காம் ஞாயிறு. அமாவாசைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்றும் இரண்டு தடவை துடைத்தாகிவிட்டது. அப்பா தூரிகையைக் கீழே வைத்தார். கேட்க வேறு ஒன்றும் இல்லாததால் கேட்டவர் மாதிரி, அவர் சிரிக்கிற ஆளாம்மா என்று கேட்டார்.

"ஐய, சிரிக்கறதா?" என்று அந்த அக்காவே சிரித்துவிட்டார். அப்புறம் கொஞ்சம் யோசித்தார், சொல்லலாமா என்று பார்ப்பவர் போல. "உங்ககிட்டகூட ஒரு வாட்டி வந்தாருங்கண்ணே. புள்ளைக்குக் காது குத்தி, சாமிக்கு மொட்டை போட்டுக்கினு வந்த மறுநாளு. மொட்டைத் தலையோட எடுத்தா அப்புறம் ஆளு அடையாளம் தெரியாது, முடி மொளைச்சதும் வான்னு அனுப்பிட்டீங்களாம். அத்தச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. முடி மொளைக்கறதுக்குள்ள காமாலை வந்துடிச்சி."

அப்பா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு, அவர் தலையில் சந்தனம் இருந்தது, காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது என்றார் மெதுவாக. எங்களிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். தகரக் கூரை அறையின் வாசலில் அந்த ஆள் நின்றது, போய்விட்டு அப்புறம் வா என்றதும் தன் மொட்டைத் தலையைத் தானே தட்டி, "அப்போ என் முடிக்குத்தான் வேலை குடுத்தீங்களா சார்?" என்று கேட்டது, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தது, தனக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டது, எல்லாம் அவருக்கு வந்துவிட்டது. எத்தனையோ பேரைப் பெட்டிக் கேமராவின் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்தவர், நேராகப் பார்த்தது அந்த ஒருவரைத்தான். எடுக்காமல் அனுப்பியதால் பார்த்திருக்கிறார்.

பலகையைத் துடைத்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர் அவ்வளவு வேகமாக எழுதி நான் பார்த்ததில்லை. வெயில் கொட்டகைக் கூரையிலிருந்து இறங்குவதற்குள் மொட்டைத் தலையும், அதில் மஞ்சளாக ஒட்டியிருந்த சந்தனமும், தலையில் வைத்த கையும், பல் தெரிகிற சிரிப்புமாக ஒருவர் வந்து நின்றுவிட்டார். காதுகள் கொஞ்சம் விடைத்திருந்தன. அந்த அக்கா பார்த்தார். இந்தத் தடவை இல்லீங்க என்று சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் அழுது முடிக்கிற வரை அப்பா காத்திருந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கே எடுத்திருந்தா உங்க வீட்டுல ஒரு படம் இருந்திருக்கும். நான்தாம்மா திருப்பி அனுப்பினேன்."

"எடுத்திருந்தீங்கன்னா சிலேட்டப் புடிச்சிக்கினு மொறைச்சிக்கினு இல்ல நின்னுருப்பாரு" என்றார் அவர். "இப்படிச் சிரிச்சிருக்க மாட்டாருண்ணே."

பலகையை இறந்தவரின் தம்பி உள்ளே தூக்கிப்போனார். தாயாருக்குப் பழைய படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதுவரைக்கும் படத்தில் என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டால், நல்லா இருக்கான் என்று மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்களாம். அன்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மொட்டை, சந்தனம், தலையில் கை. அந்தத் தாயார் தன் தலையில் கையை வைத்துக் காட்டி, இப்படியா என்று கேட்டார். இப்படித்தான் என்றார் இளைய மகன்.

அடுத்த ஞாயிறு போவதற்கு இடம் இல்லை. அமாவாசை முடிந்திருந்தது. பவர் ஹவுஸ்காரரின் படம் மாலை இல்லாமல் அவரிடமே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா காலையில் கொல்லைப் பக்கம் ஸ்டூலைப் போட்டார். இன்னொரு பெட்டிப் பலகையைச் சாய்த்து வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

அடுப்பில் சோறு இருக்கிறது என்றாள் அம்மா. கொஞ்ச நேரம்தான் என்றார். கேமரா எங்கே என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். அப்பா தூரிகையைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வெட்கம் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கே. எப்ப வந்தது?" என்றார் அப்பா.

"பொறக்கும்போதே வந்தது. சுவத்துல மாட்டியிருக்கிற நம்ம போட்டோவுலதான் நீங்க அதை எடுத்துட்டீங்க."

முகத்தில் மச்சம், தழும்பு எது இருந்தாலும் நெகடிவிலேயே பென்சிலால் மறைத்துவிடுவது அவர் வழக்கம். எல்லோருக்கும் செய்கிற மாதிரி அவளுக்கும் செய்திருந்தார். அப்பா நிலக்கரிக் குழம்பில் தூரிகை நுனியைத் தொட்டு, வெறும் பலகையில் முதலில் அந்த மச்சத்தை வைத்தார். உள்ளே சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.